உஸ்தாதுக்கு ஐந்து நிமிடம்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினொரு வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவள். என் முதுகலை ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் ஈரானியர். 1980களில் நாட்டை விட்டு வெளியேறியவர், திரும்பிப் போக முடியாமலே அண்மையில் காலமானார். ஈரானில் மக்களாட்சி வரவேண்டும் என்று நாற்பது ஆண்டுகள் எழுதியவர். என் கட்டுரைகளை எப்போதும் பென்சிலால்தான் திருத்துவார். பேனாவால் எழுதினால் நீ அடங்கிவிடுவாய், பென்சில் என்றால் எதிர்த்து வாதாடுவாய் என்பார். 2022 அக்டோபரில், ஈரானில் எழுந்த போராட்டத்துக்கு ஆதரவாக ரொறன்ரோவை அடுத்த ரிச்மண்ட் ஹில்லில் நடந்த பெரிய பேரணியில் அவர் முழக்கம் எழுப்பாமல் நடைபாதையில் நின்றார். எனக்குக் கோபம் வந்து, "நீங்கள் நாற்பது வருடம் எழுதிச் செய்யாததை இந்தப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் செய்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். அதன்பின் எங்கள் பேச்சு குறைந்துபோனது. இறப்பதற்கு முன் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்திருந்தார்; நான் எடுக்கவில்லை. இப்போது நாற்பதாம் நாள் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசும்படி அவருடைய மகள் கேட்கிறார். அரசியலைத் தொடாதே என்கிறார் ஒரு நண்பர். தியாகி என்று சொல் என்கிறார் இன்னொருவர். "அவர் உனக்கு யார், இப்படி அழுகிறாய்?" என்று அம்மா கேட்கிறார். நான் என்ன செய்வது?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் அதற்குப் பதில் எளிது. ஈரானியர் தம் ஆசிரியரை 'ஒஸ்தாத்' என்பார்கள். இசைக் கச்சேரி விளம்பரங்களில் நாம் பார்க்கும் 'உஸ்தாத்' அதே சொல்தான். பல்கலைக்கழகத்தை விட்டு இருபது ஆண்டுகள் கழித்துச் சந்தித்தாலும் அந்தப் பெயரால்தான் மாணவர் அழைப்பார். நம்மிடமும் மாதா, பிதாவுக்கு அடுத்த இடத்தில் குருவை வைத்த மரபு இருக்கிறது. அதை அம்மாவிடம் நினைவூட்டினால் அவர் உங்கள் அழுகையைப் புரிந்துகொள்வார். இரத்த உறவில்லாத ஒருவருக்காக அழ உங்களுக்கு யாரும் அனுமதிச் சீட்டுத் தரத் தேவையில்லை. போதாதற்கு, அவருடைய மகளே உங்களைப் பேச அழைத்திருக்கிறார்.

நாற்பதாம் நாள் என்பதை நம்முடைய முப்பத்தொன்றாம் நாள் சடங்கைப் போல எண்ணிக்கொண்டு போகாதீர்கள். மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள், ஆண்டு நிறைவு என்று ஈரானில் துக்கத்துக்குப் படிகள் உண்டு. அவற்றில் 'செஹெல்லொம்' எனப்படும் நாற்பதாம் நாளுக்கு அரசியல் வரலாறும் சேர்ந்திருக்கிறது. 1978 ஜனவரியில் கோம் நகரில் சுடப்பட்டவர்களின் நாற்பதாம் நாளில் தப்ரீஸ் நகரம் எழுந்தது. தப்ரீஸில் இறந்தவர்களின் நாற்பதாம் நாளில் யஸ்த் எழுந்தது. இப்படி நாற்பது நாற்பதாகத் தொடர்ந்த எழுச்சி அடுத்த ஆண்டு மன்னர் ஷாவின் ஆட்சியையே வீழ்த்தியது. 2022இல், ஹிஜாப் விதியை மீறியதாகக் கைதாகிக் காவலில் இறந்த இளம்பெண் மஹ்சா ஜினா அமினியின் நாற்பதாம் நாளன்று அவருடைய ஊரான சக்கெஸில் மயானத்தை நோக்கி மக்கள் வெள்ளமாக நடந்ததும் இந்த நினைவின் தொடர்ச்சிதான். ஆகவே அந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு அந்த நாள் குடும்ப நிகழ்ச்சியாக மட்டும் இருக்காது. அரசியலைத் தொடாதே என்று சொன்ன நண்பர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் மக்களாட்சிக்காக எழுதிய ஒருவரைப் பற்றி அதைத் தொடாமல் பேசுவது, கடற்றொழிலாளி ஒருவரின் இரங்கல் கூட்டத்தில் கடலைச் சொல்லாமல் விடுவது போன்றது.

மற்ற நண்பர் சொன்ன சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். தியாகிக்கு அங்கே வழங்கும் சொல் 'ஷஹீத்'. ஈரான்–ஈராக் போரில் மடிந்தவர்களின் பெயரை அந்தச் சொல்லோடு சேர்த்துத் தெருத்தெருவாகச் சூட்டியது அந்த அரசுதான். சுவரோவியங்களிலும் பாடப்புத்தகங்களிலும் அது நிறைந்து கிடக்கிறது. அந்த அரசை வாழ்நாள் முழுதும் விமர்சித்த மனிதருக்கு அதன் சொல்லையே மாலையாகப் போட்டால், முன்வரிசையில் இருப்பவர்களின் முகம் சுருங்கும். மேலும், உங்கள் ஆசிரியர் நோயிலோ முதுமையிலோ இறந்த ஒரு படிப்பாளி. அதைவிடப் பெரிய இறப்பு எதுவும் அவருக்குத் தேவையில்லை.

அப்படியானால் என்ன பேசுவது? இங்கே வேறொருவரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் நகரத்திலேயே 2022 மார்ச்சில், 86ஆவது வயதில் காலமான ரெஸா பராஹெனி கவிஞர், திறனாய்வாளர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தப்ரீஸில் பிறந்த அவருக்குத் தாய்மொழி பாரசீகம் அன்று, அஸர்பைஜானித் துருக்கி. 1946 டிசம்பரில் தப்ரீஸை மையமாகக் கொண்டு ஓராண்டு நடந்த தன்னாட்சி அரசு வீழ்ந்ததும், பள்ளிகளில் அந்த மொழிக்கு இடமில்லாமல் போனது. சிறுவன் பராஹெனி தன் மொழியில் ஒரு சுவர்ப்பத்திரிகை எழுதி ஒட்டினான். அந்த மையை நாக்கால் நக்கி அழிக்கும்படி பள்ளியில் அவனைக் கட்டாயப்படுத்தினார்கள். பின்னாளில் அதை அவரே எழுதினார். மொழியின் பெயரால் அடிபட்ட நம்மவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. ஆனால் நான் சொல்லவருவது அதற்கு அடுத்த பகுதி. நாக்கில் மை ஒட்டிய அந்தச் சிறுவன் வளர்ந்து, பாரசீக மொழியின் முதன்மையான கவிஞர்களிலும் திறனாய்வாளர்களிலும் ஒருவரானார். தன்மீது திணிக்கப்பட்ட மொழியை வெறுக்காமல், திணித்த கையை மட்டும் எதிர்த்தார்.

1973இல் ஷாவின் ரகசியப் போலீசாரான சாவக் அவரை 102 நாள் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தது. அமெரிக்காவுக்குப் போய் அதை உலகுக்கு எழுதினார். ஷா வீழ்ந்ததும் நம்பிக்கையோடு ஊர் திரும்பினார். புதிய ஆட்சியும் 1980களின் தொடக்கத்தில் அவரைச் சிறையில் தள்ளியது, தெஹ்ரான் பல்கலைக்கழக வேலையும் போனது. 1994இல் தணிக்கையை எதிர்த்து 134 எழுத்தாளர்கள் 'நாங்கள் எழுத்தாளர்கள்' என்று தொடங்கி வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் கனடாவுக்கு வந்து, பின்னர் இங்குள்ள பென் எழுத்தாளர் அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். முடியாட்சியும் சிறை வைத்தது, புரட்சியும் சிறை வைத்தது. இப்படிப்பட்டவரை எந்தக் கொடியின் கீழ் நிறுத்துவது? சிங்கமும் சூரியனும் பொறித்த முடியாட்சிக் காலப் பழைய கொடியின் கீழா, இடதுசாரிகளின் சிவப்பின் கீழா? எதன் கீழும் அவர் முழுதாக அடங்கமாட்டார். அவரோடு கடுமையாக முரண்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து அழுதால்தான் அது அவருக்குரிய துக்கமாகும்.

உங்கள் ஆசிரியர் அந்தப் பேரணியில் நடைபாதையில் நின்றதற்கு அவருடைய காரணம் என்னவென்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் ஒரு புரட்சியை நம்பிப் பின்னர் அது தம்மையே விழுங்கக் கண்ட தலைமுறையின் ஆள் ஒருவர், முழக்கத்தின் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்த பிறகே உரக்கச் சொல்வார் என்பதை நான் நம்புகிறேன். தெருவில் இறங்கிய பிள்ளைகள் செய்தது சரி. அவர் நின்று யோசித்ததும் சரி. உங்கள் வாக்கியம் கொஞ்சம் கொடுமையானதுதான். அதை மறைத்து உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஆயினும் பென்சிலால் திருத்தி, எதிர்த்துப் பேசு என்று ஆண்டுக்கணக்கில் உங்களைப் பழக்கியவர் அவர்தான். அன்று நீங்கள் எதிர்த்துப் பேசினீர்கள். அவர் ஏன் சிரித்தார் என்பதற்கு, மனம் புண்பட்டது என்பதைத் தவிர வேறு விளக்கங்களும் இருக்கலாம் அல்லவா?

ஆகவே மேடையில் இதைச் செய்யுங்கள். அவர் பென்சிலால் குறிப்பெழுதிய உங்கள் ஆய்வேட்டுத் தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பக்கம், எந்த வரியின் ஓரத்தில் என்ன எழுதியிருந்தார், அதற்கு நீங்கள் என்ன மறுமொழி சொன்னீர்கள், கடைசியில் அந்த வரி நின்றதா அழிந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கே மூன்று நிமிடம் ஆகும். நான்காவது நிமிடத்தில் ரிச்மண்ட் ஹில் நடைபாதையையும், நீங்கள் சொன்ன வாக்கியத்தையும், அவர் சிரித்ததையும் உள்ளபடி சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டு மேடையில் அழுதுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கூட்டத்தின் கவனம் அவரிடமிருந்து உங்களிடம் வந்துவிடும். அவரிடம் பிடிக்காததும் உண்டு என்பது தெரியட்டும். முப்பத்தொன்றுக்கு நாம் அச்சடித்துக் கொடுக்கும் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலர்களைப் பார்த்திருப்பீர்கள்: எல்லோரும் இன்முகத்தோடு விருந்தோம்பி, ஒருவரையும் நோகாமல் வாழ்ந்து மறைந்திருப்பார்கள். என் பெரியப்பாவின் கல்வெட்டைப் படித்தபோது வேறு யாருடையதையோ மாற்றித் தந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். உங்கள் ஆசிரியருக்கு அப்படி ஒன்றை வாசிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, இதை இலேசாக எடுக்க வேண்டாம். கூட்டம் ஒளிப்பதிவு செய்யப்படுகிறதா என்று மகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். வெளிநாட்டில் ஒருவர் பேசியதற்காக ஈரானில் உள்ள உறவினரை விசாரணைக்கு அழைப்பது அங்கே வழக்கம். அவர் வழியாக நீங்கள் அறிந்த, இன்னும் அங்கேயே வாழும் எவருடைய பெயரையும், ஊரையும், கடிதத்தையும் சொல்லாதீர்கள். பேச்சின் எழுத்துப்படியை இரண்டு நாள் முன்னதாகவே மகளிடம் கொடுத்து, அவர் நீக்கச் சொல்வதை வாதாடாமல் நீக்குங்கள். இந்த ஒரு தடவை மட்டும் பேனாத் திருத்தத்துக்கு அடங்கிப் போகலாம்.

எடுக்காத அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி: அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பதை இனி அறிய வழியில்லை. சமாதானம் பேச அழைத்தார் என்றோ, கடிந்துகொள்ள அழைத்தார் என்றோ நீங்களாக ஒரு முடிவைக் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கேட்கக்கூட அழைத்திருக்கலாம், பேராசிரியர்கள் அப்படித்தான். கூட்டம் முடிந்து சில வாரம் சென்றபின், வந்தவர்கள் எல்லாம் கலைந்து அந்த வீடு உண்மையிலேயே அடங்கிப்போகும் நாளில், மகளைத் தேடிப் போய் இதைச் சொல்லுங்கள். தந்தையைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க அப்போது அவருக்கும் ஆசையாக இருக்கும்.

இனிச் சின்ன விஷயங்கள். கறுப்பு உடையில் போங்கள். பூக்கொண்டு போவதானால் வெள்ளைக் கிளாடியோலஸ் பொருத்தமாக இருக்கும். குடும்பம் சமயச் சடங்கில் நம்பிக்கை இல்லாததாயின் குர்ஆன் ஓதுவதற்குப் பதிலாக பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதையும் சேதார் என்னும் நரம்பிசைக் கருவியின் வாசிப்பும் இருக்கலாம்; எது நடந்தாலும் பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். மகளின் கையைப் பிடித்து 'தஸ்லியத் மீகம்' என்றால், ஆறுதல் கூறுகிறேன் என்று பொருள். அதற்குமேல் சொல்ல மனம் வந்தால் 'ஜாஷ் காலியெ' என்று சொல்லுங்கள்: அவர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் 'காலி' அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் நமக்கும் வந்த அதே சொல்தான், ஆகவே உச்சரிப்புக்கு நீங்கள் பயப்படத் தேவையில்லை.

வாசலருகே ஒரு மேசையில், கொட்டை நீக்கி உள்ளே வால்நட் பருப்பு வைத்த பேரீச்சம்பழமும், மாவைப் பொன்னிறமாக வறுத்துக் குங்குமப்பூவும் பன்னீரும் சேர்த்துக் கிண்டிய ஹல்வாவும் வைத்திருப்பார்கள். செத்த வீட்டில் வாய் நனைக்கக்கூடாது என்று சொல்லித்தான் உங்களையும் வளர்த்திருப்பார்கள். அங்கே இறந்தவரின் பெயரால் கொடுப்பதை வாங்கி உண்பதுதான் மரியாதை. தட்டை நீட்டினால் மறுக்காமல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.