பிக்குவின் பாத்திரமும் நம் கறிக்கடையும்

வணக்கம் சார்,

சில வருடங்களாக விபாசனா தியானம் செய்து வருகிறேன். முகாமில் கொல்லாமையில் தொடங்கும் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டதிலிருந்து வீட்டில் கொசு பேட்டைக்கூடத் தொடுவதில்லை. போன வருடம் அனுராதபுரம் போனபோது ஒரு விகாரையில் தானம் நடந்தது. பிக்குகளுக்கு மீனும் கோழியும் பரிமாறினார்கள், அவர்களும் சாதாரணமாகச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முன்னால் புத்தகயாவில் ஒரு தைவான் பிக்குணியைப் பார்த்தேன். அவர் வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டாராம். இரண்டு தரப்பும் புத்தர் சொன்னதைத்தான் செய்கிறோம் என்கிறார்கள். எது அசல் பௌத்தம்? ஊருக்கு வந்து இதை வீட்டில் சொன்னால், என் மனைவி, "கொசுவை அடிக்கமாட்டேன் என்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்குப் போகிறீர்களே, அந்த ஆடு தானாகவா செத்தது?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி கேட்டிருப்பதுதான் கேள்வி. எது அசல் என்று நீங்கள் கேட்பது அவ்வளவு நல்ல கேள்வி இல்லை, ஆனால் அதன் வழியாகத்தான் மனைவியின் கேள்விக்கு வர முடியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அனுராதபுரத்தில் நீங்கள் பார்த்தது விதிமீறல் இல்லை. பிக்கு சமைப்பதில்லை, காசு வைத்துக்கொள்வதில்லை, காலையில் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நிற்கிறார், வீட்டில் என்ன இருக்கிறதோ அதில் ஒரு கை போடுகிறார்கள், நண்பகலுக்குள் சாப்பிட்டு முடிக்கிறார். பிக்குகளுக்கான ஒழுக்க நூலான விநயத்தின் உணவு விதிகள் எல்லாம் இந்த ஏற்பாட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தால் அவர் பிச்சை எடுப்பவர் இல்லை, வாடிக்கையாளர். ஆகவே இறைச்சி விழுந்தால் இறைச்சி. ஆனால் மூன்று நிபந்தனை உண்டு: அந்த உயிர் தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்த்திருக்கக் கூடாது, கேள்விப்பட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் வந்திருக்கக் கூடாது.

இந்த விதி வந்த கதையை விநயமே சொல்கிறது. வைசாலியில் சீகன் என்ற சேனாதிபதி, அதுவரை சமணர்களை ஆதரித்தவர், புத்தரிடம் வந்து சேர்கிறார். மறுநாள் புத்தருக்கும் சங்கத்துக்கும் விருந்து. சந்தையில் கிடைக்கிற இறைச்சியை வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்புகிறார். உடனே சமணர்கள் தெருத்தெருவாகப் போய், சீகன் ஒரு பெரிய மிருகத்தைக் கொன்று கௌதமருக்குச் சமைக்கிறான், தெரிந்தே கௌதமர் சாப்பிடுகிறார் என்று கைகளை உயர்த்திக் கூவுகிறார்கள். அதன் பிறகுதான் புத்தர் இந்த மூன்று நிபந்தனையையும் சொல்கிறார். பௌத்தர் கறி தின்கிறார்கள் என்ற கிண்டல் எவ்வளவு பழையது என்று பாருங்கள்! நம் சமணக் காப்பியம் நீலகேசி வரை அது ஓடிக்கொண்டே வருகிறது.

புத்தரை எதிர்த்துச் சங்கத்தைப் பிளக்கப் பார்த்த பிக்கு தேவதத்தன் ஐந்து கோரிக்கைகளோடு வந்தான் அல்லவா, அதில் ஒன்று பிக்குகள் ஆயுள் முழுக்க மீனும் இறைச்சியும் தொடக் கூடாது என்பது. புத்தர் மறுத்தார். எல்லோருக்கும் விதியாக்க முடியாது என்றார், அவ்வளவுதான். (புத்தரின் கடைசி உணவு பன்றியா காளானா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அதில் யார் ஜெயித்தாலும் நம் கேள்விக்கு விடை வராது.) அப்படியும் எல்லா இறைச்சிக்கும் அனுமதி கிடையாது. யானை, குதிரை, நாய், பாம்பு, புலி, கரடி என்று ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது, அதில் முதலாவது மனித இறைச்சி. அது எதற்கு என்று தோன்றும். சுப்பியா என்ற பெண், நோயாளியான ஒரு பிக்குவுக்கு இறைச்சிச் சாறு தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். அன்றைக்கு ஊரில் எங்கும் இறைச்சி இல்லை. தன் தொடையிலிருந்தே அறுத்துச் சமைத்து அனுப்பிவிடுகிறார். புத்தர் அந்தப் பிக்குவைக் கூப்பிட்டு, என்ன இறைச்சி என்று விசாரித்தாயா, விசாரிக்காமலா சாப்பிட்டாய் என்று திட்டுகிறார். விசாரிக்காமல் சாப்பிடாதே என்பதையும் அதே இடத்தில் விதியாக்குகிறார். ஆக, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதற்கான அனுமதியாக அந்த மூன்று நிபந்தனையை எடுத்துக்கொள்ள விநயமே இடம் கொடுக்கவில்லை.

புத்தரின் உபதேசத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் வைத்தியர் ஜீவகனுக்குச் சொன்ன உபதேசத்தையும் எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிக்கு எப்போது சாப்பிடலாம் என்பது முன்பாதி. பின்பாதி சமைத்துப் போடுகிறவரைப் பற்றியது. புத்தருக்காகவோ அவர் சீடருக்காகவோ ஓர் உயிரைக் கொல்கிறவனுக்கு ஐந்து விதத்தில் பாவம் சேர்கிறது. போய் அதைப் பிடித்து வா என்று சொல்லும்போது ஒன்று. கழுத்தில் கயிறு போட்டு இழுத்துவரும்போது அது படுகிற துன்பத்தால் ஒன்று. கொல்லு என்று சொல்லும்போது, அது சாகும்போது படுகிற வலியால், தகாததைப் படைத்ததால் என்று மிச்சம் மூன்று. கயிற்றை இழுக்கும்போது மிருகம் படுகிற பாட்டைத் தனியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். வாங்கிச் சாப்பிடுகிற நமக்கு இந்தப் பின்பாதிதான் எழுதப்பட்டது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் தைவான் பிக்குணி. சீனாவில் தெருவில் இறங்கிப் பிச்சை எடுப்பது பெரிதாக வேரூன்றவில்லை. மடங்களுக்கு நிலம் வந்தது, தானியம் வந்தது, சமையலறை வந்தது. மடமே காசு கொடுத்து வாங்கி, மடத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கிற இடத்தில், இது எனக்காகக் கொல்லப்பட்டதாகத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்? சீனாவில் பரவிய மகாயான பௌத்தத்தின் நூல்கள் ஏற்கெனவே கடுமையாகப் பேசியிருந்தன. எண்ணற்ற பிறவிகளில் உன் தாயாகவோ தந்தையாகவோ இருக்காத உயிர் எது, அதை எப்படித் தின்பாய் என்று கேட்கிறது இலங்காவதார சூத்திரம். 502 முதல் 549 வரை தென் சீனத்தை ஆண்ட லியாங் அரசர் வூ, பிக்குகளையும் பிக்குணிகளையும் அரண்மனைக்குக் கூப்பிட்டு விவாதம் நடத்தி, மடங்களில் மதுவும் இறைச்சியும் கூடாது என்று ஆணையே போட்டார். சீன மரபில் இன்றுவரை அது நிற்கிறது. பூண்டு, வெங்காய விலக்கும் அந்த வழியில்தான் வருகிறது. சமைத்துச் சாப்பிட்டால் காமம், பச்சையாகச் சாப்பிட்டால் கோபம் என்று ஒரு சூத்திரம் காரணம் சொல்கிறது. பாலி விநயத்திலும் பூண்டுக்குத் தடை உண்டு, ஆனால் காரணம் வேறு. பூண்டு சாப்பிட்ட ஒரு பிக்கு, வாய் நாற்றம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று உபதேசத்தின்போது தள்ளிப் போய் உட்கார்ந்தாராம். உபதேசத்தை விட்டுத் தள்ளி உட்கார வைக்கிற ஒன்றை எதற்குச் சாப்பிட வேண்டும் என்று புத்தர் கேட்டார். எனக்கு இந்தக் காரணம்தான் பிடித்திருக்கிறது.

திபெத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாதம் அங்கேதான் தெளிவாகத் தெரியும். காய்கறி விளையாத உயரம், பார்லி மாவும் யாக் என்ற மலை மாடும்தான் சாப்பாடு. நூல்கள் எல்லாம் மகாயானம், சாப்பாடு எல்லாம் இறைச்சி. ஒரு யாக்கைக் கொன்றால் பல பேர் பல நாள் சாப்பிடலாம், அதே அளவுக்கு மீன் என்றால் எத்தனை உயிர் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். சப்கார் போன்ற சில திபெத்தியத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எதிர்த்து எழுதினார்கள். 2007இல் திபெத்திய மரபுகளில் ஒன்றின் தலைவரான 17ஆவது கர்மபா புத்தகயாவில் தன் மரபினரைப் பார்த்துச் சொன்னபோது அவர் குறிவைத்தது மடத்துச் சமையலறையை. மடத்தில் இனி இறைச்சி சமைக்கக் கூடாது என்றார். பாத்திரத்தில் வந்து விழுவது வேறு, உன் அடுப்பில் நீயே ஏற்றுவது வேறு. இலங்கை, பர்மாவின் தேரவாதமும் சீனா, திபெத்தின் மகாயானமும் இந்த விஷயத்தில் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று பாத்திரத்துக்குச் சொன்னது, இன்னொன்று அடுப்புக்குச் சொன்னது.

உங்கள் விபாசனா முகாமில் சைவச் சாப்பாடுதான் போட்டிருப்பார்கள். அந்தத் தியான வழி பர்மாவின் லெடி சயடோவில் தொடங்கி சயா தெட்ஜி, ஊ பா கின், கோயங்கா என்று வந்தது. லெடி சயடோ தேரவாதி, ஆனாலும் உழுகிற மாட்டைத் தின்னாதீர்கள் என்று ஜனங்களுக்கு எழுதியவர். தேரவாதத்துக்குள் இருந்துகொண்டே அப்படிச் சொல்ல இடம் இருந்திருக்கிறது.

சரி, இதுவரை எல்லாம் தின்பவரைப் பற்றியே பேசிவிட்டேன். கொல்பவர் யார்? இல்லறத்தான் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்கள் என்று புத்தர் சொன்னவை ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம். தின்னலாம், ஆனால் விற்கக் கூடாது. அப்படியென்றால் யாரோ ஒருவர் விற்க வேண்டுமே! பௌத்த நாடுகளின் வரலாற்றில் எனக்கு நெருடுவது இந்த இடம்தான், பிக்கு கோழி சாப்பிடுவது இல்லை. திபெத்தின் லாசாவில் கசாப்பு முஸ்லிம்கள் கைக்குப் போனது. ஜப்பானில் மாட்டை அறுப்பதும் தோல் உரிப்பதும் சில குடிகளின் தலையில் கட்டப்பட்டு, அதற்காகவே அவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். 1871இல் சட்டம் அந்தப் பிரிவை ஒழித்தது, புராக்குமின் என்ற பெயரில் ஒதுக்கல் தொடர்ந்தது. அடுத்த வருடமே, 1872இல், ஜப்பானியப் பிக்குகள் விருப்பப்பட்டால் இறைச்சி சாப்பிடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அரசு சொல்லிவிட்டது!

இலங்கையைப் பாருங்கள். மாட்டு அறுப்புக்கு எதிரான போராட்டம் என்பது அங்கே பெரும்பாலும் முஸ்லிம் கடைகளுக்கு எதிரான போராட்டம். 2013 மே மாதம் கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்கு முன்னால் ஒரு பிக்கு இதற்காகத் தீக்குளித்து இறந்தார். 2020 செப்டம்பரில் மாட்டு அறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே யோசனையில் சாப்பிடுகிறவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து குறைந்த விலைக்குக் கொடுப்பதும் இருந்தது. நம் மண்ணில் கொல்லக் கூடாது, வேறு யாராவது கொன்று அனுப்பட்டும். பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவில்லை!

இந்த ஓட்டையைத்தான் வள்ளுவர் அடைத்தார். "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்." தின்பவன் இல்லாவிட்டால் விற்பவன் இருக்கமாட்டான். இது பௌத்தர்களுக்குச் சொன்ன பதில் என்று பல பேர் சொல்வதுண்டு. யாருக்குச் சொன்னதோ, வாதம் காசு கொடுத்து வாங்குகிறவன் மேல் கச்சிதமாக விழுகிறது, பிச்சை எடுக்கிறவன் மேல் அவ்வளவாக விழவில்லை. ஆனால் வேடிக்கையாக அந்தப் புலால் மறுத்தல் அதிகாரத்தைத் துறவறத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

மணிமேகலை இன்னொரு வழியைக் காட்டுகிறது, எனக்கு அது குறளைவிட நெருக்கம். கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனுக்கு அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுத்துக் கொல்லாமை பேசுகிறான். அதை முழுசாகக் கடைப்பிடித்தால் நாங்கள் எப்படி உயிர்வாழ்வது, எங்களுக்கு ஆகிற அறத்தைச் சொல் என்று கேட்கிறான் தலைவன். சாதுவன் உடனே இறங்கி வருகிறான். கப்பல் உடைந்து வருகிற மனிதர்களைக் கொல்லாதே, அப்புறம் "மூத்துவிளி மா ஒழித்து" மற்ற எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். வயதாகித் தானாகச் செத்த விலங்கைத் தின்றுகொள், அவ்வளவுதான். தனக்கு ஒன்று, நாகருக்கு ஒன்று. மாநாடு கூட்டி யாரும் இதைக் குற்றம் சொல்லவில்லை.

அம்பேத்கரும் இதே பக்கம்தான் நின்றார். கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்து, புத்தர் அகிம்சையை விதியாக வைக்கவில்லை, கொள்கையாக வைத்தார் என்று எழுதினார். 1956 அக்டோபரில் நாக்பூரில் அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது கூடாது என்று இருக்கிறது, எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டுவேன் என்று இருக்கிறது, இறைச்சி கூடாது என்று இல்லை. மாட்டிறைச்சி தின்றதைக் காரணம் காட்டியே தீண்டாமையை ஒட்டவைத்த ஊரில் அது இருக்க வாய்ப்பும் இல்லை. ஆகவே, நீங்கள் சைவத்துக்கு மாறினால் மாறுங்கள், ஆனால் சைவம் சாப்பிடுகிறவர் நல்ல பௌத்தர், மற்றவர் மட்டம் என்ற எண்ணம் கூடவே நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது ரொம்பச் சுலபமாக நுழையும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இலங்கை நண்பர் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ சமைத்து முடித்ததைப் போட்டால், நீங்கள் பிக்குவின் இடத்தில் இருக்கிறீர்கள், சாப்பிடுங்கள். நாளைக்கு வருகிறோம் என்று நீங்கள் சொல்லி, உங்களுக்காகக் கோழி அடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், முன்பே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையில் உயிர்க்கோழியைக் கைகாட்டி, இதை அறுத்துக் கொடுங்கள் என்று சொல்கிற வழக்கம் இருந்தால் அதை இந்த வாரமே நிறுத்துங்கள். கொல்லச் சொல்வதும் கொல்வதுதான், தேரவாதக் கணக்கிலேயே உங்கள் முதல் சீலம் அங்கே உடைகிறது, மகாயானம் வரை போகவே வேண்டாம். தொங்குகிற ஆட்டில் அரைக்கிலோ வாங்குவது அதற்கு அடுத்த படி. சீலம் உடைகிறது என்று எந்தத் தேரவாத பிக்குவும் உங்களிடம் சொல்லமாட்டார், வள்ளுவரும் உங்கள் மனைவியும் சொல்வார்கள். இந்த விஷயத்தில் எனக்கு அவர்கள் இரண்டு பேர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஒரேயடியாக விட முடியவில்லை என்றால், நாகர் தலைவனைப் போல நமக்கு ஆகிற அளவு எது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், அதில் சமைக்கிறவர் சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுங்கள்.