செயற்கைக்கோள் படங்களில் காட்டின் பருவங்கள்: கேள்வி பதில்

கேள்வி: காட்டின் பசுமை செயற்கைக்கோளில் எவ்வாறு எண்ணாகிறது?

பதில்: இலையிலுள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கிறது, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியையோ இலையின் உட்திசு திருப்பி அனுப்பிவிடுகிறது. அகச்சிவப்பு அளவிலிருந்து சிவப்பு அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே என்டிவிஐ எனப்படும் தாவரக் குறியீடு. அதன் மதிப்பு -1 முதல் +1 வரை இருக்கும். வெற்று மண் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயும், அடர்ந்த காடு 0.8-ஐ ஒட்டியும் அமைவது வழக்கம். செயற்கைக்கோள் இலைகளை எண்ணுவதில்லை, திரும்பி வரும் ஒளியை மட்டுமே அளக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: எந்தச் செயற்கைக்கோளின் படங்களைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்துடன் (ஒரு படப்புள்ளி தரையில் 10 மீட்டர்) ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை கிடைக்கின்றன, பருவ மாற்றத்துக்கு அவையே என் முதல் தேர்வு. பல பத்தாண்டு வரலாறு தேவையென்றால் 1972-இல் தொடங்கிய அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வரிசையை நாட வேண்டும். பெரும் நிலப்பரப்பை நாள்தோறும் கவனிக்க 250 மீட்டர் நுணுக்கமுள்ள, நாசாவின் மோடிஸ் கருவி எடுக்கும் படங்கள் போதும்.

கேள்வி: மழைக்கால முடிவில் ஒன்று, கோடையில் ஒன்று என இரு படங்களை ஒப்பிட்டேன். பசுமை வெகுவாகக் குறைந்துள்ளது. காடு அழிகிறது என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து எழுத வேண்டாம். இலையுதிர் காட்டில் கோடையில் பசுமை குறைவது அதன் இயல்பு. வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே தேதியை ஒப்பிட்டாலும் சிக்கல் முழுவதும் தீராது. மழை இரண்டு வாரம் பிந்தினால் தளிர்ப்பும் பிந்தும், அன்று எடுத்த படத்தில் நலமான காடும் நோயுற்றதுபோல் தோன்றும். குறைந்தது ஐந்தாறு ஆண்டுகளின் படங்கள் அனைத்தையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் ஆண்டிலும் குறியீடு ஏறி இறங்குவதைக் காட்டும் வளைகோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். வளைகோடு இடமோ வலமோ நகர்ந்திருந்தால் பருவம் முந்தியோ பிந்தியோ வந்திருக்கிறது. உச்சமே ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டு வந்தால்தான் கவலைப்படக் காரணம் உண்டு.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் மேகமாகவே இருக்கிறதே?

பதில்: மேகமும் அதன் நிழலும் குறியீட்டைப் பொதுவாகக் குறைத்தே காட்டும். ஆகவே 16 நாள் போன்ற ஒரு கால அளவுக்குள் கிடைத்த மதிப்புகளில் மிக உயர்ந்ததை எடுத்துக்கொள்வது பழைய, பயனுள்ள முறை. மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் துணை நிற்கும். ஆனால் அது உணர்வது மரத்தின் அமைப்பையும் ஈரத்தையுமே தவிரப் பசுமையை அன்று.

கேள்வி: பசுமை மாறாக் காட்டில் வளைகோடு ஏறக்குறைய நேர்கோடாக வருகிறது. அங்கே பருவமே இல்லையா?

பதில்: இருக்கிறது. இலையடர்த்தி மிகுந்தவுடன் என்டிவிஐ உச்சத்தை எட்டி, அதற்குமேல் உயர மறுக்கிறது. அங்கே ஈவிஐ எனப்படும் மேம்படுத்திய தாவரக் குறியீடு மாற்றங்களைக் கூடுதலாக உணரும். ஆயினும் எச்சரிக்கை தேவை. அமேசான் காடு வறண்ட பருவத்தில் மேலும் பசுமையாவதாக 2006-இல் மோடிஸ் தரவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு கூறியது. சூரியனும் கருவியும் அமையும் கோணம் மாறுவதால் ஏற்படும் தோற்றமே அது என்று 2014-இல் மற்றோர் ஆய்வு மறுத்தது. பின்னர், காட்டுக்கு மேலே உயரும் ஆய்வுக் கோபுரங்களில் பொருத்திய கேமராக்கள் வறண்ட பருவத்தில் முதிர்ந்த இலைகள் உதிர்ந்து புதிய இலைகள் துளிர்ப்பதைக் காட்டின. வானிலிருந்து எழுந்த வழக்கில் மரத்தருகே நின்ற கேமராவின் சாட்சியமும் தேவைப்பட்டது.

கேள்வி: என்னிடம் கோபுரம் இல்லை. தளிர்க்கும் நாளை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: வளைகோடு தன் தாழ்நிலைக்கும் உச்சத்துக்கும் நடுவே பாதி உயரத்தைக் கடக்கும் நாளைத் தளிர்ப்பின் தொடக்கமாகக் கொள்வது பரவலான வழக்கம். ஆனால் முதல் மழையில் மரங்களுக்கு முன்பே தரையிலுள்ள புல் பசுமையாகிவிடக்கூடும். மேலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எனவே இருபது மரங்களைக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ஒவ்வொன்றின் கிளைகளையும் கைபேசியில் படமெடுத்து, தேதியுடன் சேமித்து வாருங்கள்.