கதிரியக்க மருந்து குடித்தவர் பக்கத்தில் இருந்தால் நமக்கும் கதிரியக்கம் வந்துவிடுமா?

வராது. ஆனால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

என் அம்மாவுக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, இங்கே சிங்கப்பூரில் அவரைத் தனி அறையில் வைத்துக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். வீடு திரும்பிய அன்று, தினமும் வந்து போகும் எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு முகம் வாடிப்போனது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் நான் சொன்னதுதான் இது.

குத்துவிளக்கின் வெளிச்சம் நம் மேல் பட்டால் நாம் விளக்காகிவிடுவதில்லை. எண்ணெய் கையில் பட்டால்தான் ஒட்டிக்கொள்ளும். அம்மாவின் உடம்பிலிருந்து வரும் கதிர் அந்த வெளிச்சம் மாதிரி. பட்டதோடு சரி, நம்மைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. எண்ணெய் என்பது அயோடின். அது எச்சிலிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் கலந்து வரும். அதனால்தான் கொஞ்ச நாளைக்குத் தனித் தட்டு, தனித் துண்டு, கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் விடுவது எல்லாம். வெளிச்சத்துக்கு மருந்து தூரம்: ஒரு மீட்டரில் இருந்தவர் இரண்டு மீட்டர் தள்ளிப்போனால் அவர் மேல் படுவது கால்வாசிதான்.

சரி, அயோடின் ஏன் கதிரை வீசுகிறது? உப்பில் இருக்கும் சாதாரண அயோடினின் அணுக்கருவில் 53 புரோட்டான், 74 நியூட்ரான். மருந்தில் இருக்கும் அயோடின்-131-இல் நியூட்ரான் 78. அந்தக் கரு நிலைகொள்ளாது. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலக்ட்ரான் வெளியே பாய்கிறது. இதுதான் பீட்டா கதிர். அயோடின் இப்போது செனான் என்ற வாயு ஆகிவிட்டது. மிச்ச ஆற்றல் பெரும்பாலும் காமா கதிராக வெளியேறும். பீட்டா சதைக்குள் ஓரிரு மில்லிமீட்டர்தான் போகும், புற்றுச் செல்லை அழிப்பது அதுதான். உடம்பைத் தாண்டி வருவது காமா.

தைராய்டு செல்கள் சாதாரண அயோடின் என்று நினைத்தே இதை உறிஞ்சிக்கொள்கின்றன. அவை ஆவலோடு உறிஞ்ச வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே அயோடின் கிடைக்காமல் பட்டினி போடுவார்கள். அம்மா இரண்டு வாரம் அயோடின் கலக்காத உப்பில் சமைத்தார். மீன் இல்லை, இக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி) சம்பல் இல்லை. செல்லைப் பட்டினி போட்டு ஏமாற்றும் இந்த உத்தி எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

இந்த மருந்து பிறப்பது அணு உலையில். டெல்லூரியம் என்ற தனிமத்தின் மேல் நியூட்ரானைப் பாய்ச்சி இதைச் செய்கிறார்கள். கதிர்களில் நியூட்ரான் வேறு மாதிரி, பட்ட பொருளையே கதிரியக்கமாக்கிவிடக்கூடியது. ஆனால் அம்மாவின் மருந்திலிருந்து நியூட்ரான் வருவதில்லை. உலையில் நடப்பது பிளவு: யுரேனியம்-235-இன் கரு ஒரு நியூட்ரானை வாங்கி இரண்டாக உடையும், இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே விடும், அவை அடுத்த கருக்களை உடைக்கும். அந்தத் துண்டுகளிலும் அயோடின்-131 உண்டு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அது புல்லில் படிந்து, பசும்பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குப் போய்ப் புற்றுநோயையே உண்டாக்கியது. பொருள் ஒன்றுதான். யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம், இது நிரந்தரமும் இல்லை. அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உடம்பும் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால் உண்மையில் இன்னும் சீக்கிரமாகவே குறையும். குழந்தைகள், கர்ப்பிணிகள் எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. அதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தோம், பேத்தி தினமும் போய் எண்ணிப் பார்ப்பாள்.

எதிர்வீட்டு அக்கா மறுநாளே வந்தார். ஹாலின் அந்தக் கோடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.