உங்கள் எண்ணை எத்தனை பேர் சேமித்து வைத்திருக்கிறார்கள்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அம்மா, சித்தி, தெருவில் உள்ள இன்னும் சில பெண்கள் சேர்ந்து வீட்டிலேயே அப்பளம் இடுகிறார்கள். உள்ளூர்க் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுக்கிறோம். நான் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வெளியூர்களுக்கும் விற்கலாம் என்று ஆசை. நெல்லையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் விசாரித்தேன். மாதம் இருபதாயிரம் கொடுத்தால் ஆறு மாதத்தில் ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸ் என்கிறார்கள். அம்மாவோ, “சரக்கு நல்லாருந்தா தானா தேடி வருவாங்க, இருட்டுக்கடைக்கு யாரு விளம்பரம் பண்ணுனா?” என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அம்மாவின் வாதம். நம் பக்கத்தில் தொழில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இருட்டுக்கடையில்தான் வந்து நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது, சாயங்காலம் மட்டும்தான் வியாபாரம், அல்வா தீர்ந்ததும் கடை அடைத்தாயிற்று. எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடை இருப்பது கீழ ரத வீதியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே. சாமி கும்பிட்டுவிட்டு வருகிற கூட்டம் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் ஜங்ஷனில் ரயிலேறிப் போயிருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்த விளம்பரம் அது. உங்கள் வீடு ஒரு தெருவுக்குள் இருக்கிறது. அப்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெங்களூரில் இருக்கிறவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

சரி, ஏஜென்சிக்கு வருவோம். அவர்கள் விற்கிற ஐம்பதாயிரம் என்பது என்ன? ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே தன் முறையை மாற்றிவிட்டது. நண்பர்கள், குடும்பத்தினர் போடுவதுதான் முன்னால் வரும், வியாபாரப் பக்கங்கள் பின்னால் போகும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆகவே உங்கள் பக்கத்தை லைக் செய்தவருக்கே நீங்கள் போடுவது போய்ச் சேரும் என்ற நிச்சயம் கிடையாது. 2020 ஜூனில் டிக்டாக் தடையானது, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. ரீல்ஸின் போக்கே வேறு. உங்களைத் தெரியாதவர்களுக்குத்தான் அதிகம் காட்டும். அப்பளம் பொரிகிற வீடியோவை பாட்னாவில் ஒருவர் ரசித்துப் பார்த்துவிட்டு விரலைத் தள்ளிவிட்டுப் போவார். எண்ணிக்கை ஏறும், ஒரு கட்டு அப்பளம்கூட நகராது. காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர்ஸ் என்றால் அதுகூட இல்லை. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் சாப்பிடுகிற ஆளே இருப்பதில்லை.

பின்னே எதைப் பார்ப்பது? வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியல், அதில் ஒரு விதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். பலர் இதைத் தொந்தரவு என்பார்கள். எனக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் அம்மாவின் எண்ணை ‘கல்லிடை அப்பளம் அக்கா’ என்று பெயர் போட்டு வைத்துக்கொள்கிறார் என்றால், அடுத்த தடவையும் வாங்குவதாக இருக்கிறார் என்று அர்த்தம். மாசக் கடைசியில் நீங்கள் எண்ண வேண்டியது அதைத்தான். அப்படி நூறு பேர் இருந்தால் ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அந்த நூறு பேரை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். வீரவநல்லூரில் கைத்தறிச் சேலை விற்கிறார். அந்த ஊர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பெருமையை வைத்து அவர் ஒரு வரிகூட எழுதுவதில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் சேலையைத் திண்ணையில் விரித்துப் படம் எடுப்பார். கரை எவ்வளவு அகலம் என்று தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு அஞ்சு ரூபாய் நாணயம். அப்புறம் ஒரு சின்ன வீடியோ: முந்தானையைப் பிடித்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார், புட்டாவின், அதாவது சேலையில் நெய்த பூ உருவத்தின், நூல் எப்படி ஓடியிருக்கிறது என்று கைத்தறி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அதற்குக் கீழே விலை, நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, எத்தனை சேலை இருக்கிறது. “படத்தில் தெரிவதைவிட நிறம் கொஞ்சம் மங்கல்தான்” என்று அவரே எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகவே அவரிடம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

விலை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கடைக்குள் வந்தவரிடம் தனியே வாருங்கள், காதில் சொல்கிறேன் என்பது போல இருக்கிறது. பொங்கலுக்காக ஒரு பக்கத்தில் நான் கருப்பட்டி விலை கேட்டேன். பதில் வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. அழகான படங்கள், நல்ல வாசகங்கள், எல்லாம் இருந்தன. கேட்டவனுக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை. இப்படி வரும்போதே திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் வராது.

அப்பளம் உடையும். கூரியரில் அனுப்பினால் கட்டாயம் உடையும். யாராவது உடைந்த கட்டைப் படம் எடுத்து உங்கள் பக்கத்திலேயே கமெண்டில் போடுவார். அதை அழிக்காதீர்கள். அங்கேயே, எல்லோரும் பார்க்க, “வேறு கட்டு அனுப்புகிறோம், பெட்டியை மாற்றுகிறோம்” என்று எழுதுங்கள், எழுதியபடி அனுப்பவும் செய்யுங்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் பணம் போடலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் காயாது. அந்த நாட்களில் ‘மழை, இந்த வாரம் அப்பளம் இல்லை, வெயில் வந்ததும் சொல்கிறோம்’ என்று போடுங்கள். ஏஜென்சிக்காரர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். வெயிலில் காய்வது என்று நீங்கள் சொல்வதை வாங்குகிறவர் அன்றைக்குத்தான் முழுசாக நம்புவார். சொன்னபடி வெயில் வந்ததும் செய்தி அனுப்பிப் பாருங்கள்.

உணவு யூடியூபர்களும் வருவார்கள். காசு கொடுத்தால் வந்து சாப்பிட்டுப் புகழ்வார்கள். காசோ இலவசச் சரக்கோ வாங்கிக்கொண்டு பேசினால் அதை வீடியோவில் சொல்லியாக வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் துறை விதி வைத்திருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவையே 10 லட்சம் வரை அபராதம் போடலாம். சர்க்கரை வியாதியைக் குறைக்கும், மூட்டுவலி போகும் என்று அவர்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள், மாட்டிக்கொள்வது நீங்கள். கூகுளில் சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டாம். மேப்பில் வீடு சரியான இடத்தில் இருக்கிறதா, ஃபோன் எண் சரியா, பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எந்த ஊரில் யாருக்குக் காட்ட வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர்க்காரர்கள் தாம்பரத்திலும் பெங்களூரிலும் மும்பை மாட்டுங்காவிலும் இருக்கிறார்கள். அந்த இடங்களுக்கு மட்டும், தமிழிலேயே எழுதி, கல்யாண மாதங்களுக்கு முன்னால் கொஞ்சம் செலவழியுங்கள். ஏஜென்சி கேட்கிற ஒரு மாதப் பணத்தில் பாதி போதும். மீதியில் நல்ல அட்டைப்பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: எந்தத் தேதியில் இட்டது, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும், எப்படி மூடி வைப்பது, அம்மாவின் வாட்ஸ்அப் எண், ‘சேமித்துக்கொண்டு ஒரு வணக்கம் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி.

அந்த ஃபோனை எடுப்பதற்குக் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் நீங்கள் ஒதுக்கியாக வேண்டும். அம்மா மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது அவர் தலையில் அதையும் கட்டாதீர்கள். அப்புறம், அவர்கள் அப்பளம் இடுவதை வீடியோ எடுப்பதாக இருந்தால், அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. சித்தியிடமும் தெருப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் கைகளை மட்டும் எடுங்கள்.

அன்புடன்.