பூஞ்சைக்குக் காற்றுப் பரிசோதனை: 9,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடியில் இருக்கிறோம். பில்டரிடம் வீட்டுச் சாவி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மழை முடிந்ததிலிருந்து படுக்கையறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருக்கிறது. ஆறு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு. ஒரு நிறுவனத்தார் இலவசமாக வந்து பார்த்துவிட்டு, வீட்டுக் காற்றைச் சோதிக்க 9,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணம் மொட்டை மாடி வேலைக்கு ஆகும்.

பூஞ்சைதான் சுவரிலேயே தெரிகிறதே, அப்புறம் காற்றில் எதற்குத் தேட வேண்டும்? பூஞ்சை வித்து இல்லாத காற்று எந்த வீட்டிலும் கிடையாது. சோதனைக்கு வருபவர் சின்ன பம்ப் வைத்து ஐந்து, பத்து நிமிடம் காற்றை இழுப்பார். அந்த நேரத்தில் மின்விசிறி ஓடினால் ஒரு எண், மெத்தையை உதறியிருந்தால் வேறொரு எண். வெளிக்காற்றையும் எடுத்து ஒப்பிடாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதிலும் ‘இத்தனை வித்து வரை பரவாயில்லை’ என்ற அளவு கிடையாது. ஈரத்தைத் தடுக்கத்தான் சொல்கிறார்கள். நம் நாட்டில் வெளிக்காற்றுக்கு 12 மாசுகளுக்கு அளவு வகுத்திருக்கிறார்கள், பூஞ்சை அதில் இல்லை. பிறகு எதை வைத்து ‘அபாயம்’ என்று சிவப்பு மையில் அச்சடிக்கிறார்கள்? கேட்க ஆளில்லை என்கிற தைரியம்தான்.

சிலர் பூஞ்சை வளர ஊட்டம் பூசிய ஒரு கண்ணாடித் தட்டைத் திறந்து வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்துப் பஞ்சுபோல் வளர்ந்ததைக் காட்டுவார்கள். எந்த வீட்டில் வைத்தாலும் அது வளரும். 2021-இல் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’ இதுதான் என்றும் பயமுறுத்துவார்கள். அது வேறு வகை. அழுகிய சதை கறுத்துப்போவதால் அந்த நோய்க்கு அந்தப் பெயர். உங்கள் சுவர்க் கறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோதிக்கிற ஆளே பூஞ்சையைக் கொல்லப் புகையடிக்கவும் விலை சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். செத்த வித்தும் ஒவ்வாமை தரும். ஈரம் இருக்கிறவரை பூஞ்சை புதிதாக முளைக்கவும் செய்யும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, சமையலறை அலுமினியத் தாளில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஓதம், சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் முத்து முத்தாக நின்றால் அறைக்காற்றின் ஈரம். ஜன்னலைத் திறங்கள், பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளுங்கள். கடைசி மாடி என்பதால் எனக்கு மொட்டை மாடி மேல்தான் சந்தேகம். தரை ஓடுகளின் இணைப்புகள், கைப்பிடிச் சுவரின் அடி, மழைநீர்க் குழாயின் வாய் மூன்றையும் பாருங்கள். உள்பக்கம் புட்டி தடவி ‘வாட்டர்ப்ரூஃப்’ பெயிண்ட் அடிக்கச் சொல்கிற பெயிண்டரை நம்ப வேண்டாம். அடுத்த மழைக்குக் கொப்புளம் கட்டி உதிரும்.

காகிதத்தில் ஆதாரம் வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதுதான் உங்கள் நிலை. ரேரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். கணக்கு பத்திரம் பதிந்த நாளிலிருந்து அல்ல, ஒப்படைத்த நாளிலிருந்து. இதற்கும் காற்று அறிக்கை பெரிதாக உதவாது. பொறியாளர் ஒருவரை அழைத்து ஈரமானி அளவுகளையும் ஒழுகும் இடத்தையும் எழுதி வாங்குங்கள். தேதியோடு படம் எடுத்து, பதிவுத் தபாலில் பில்டருக்கு அனுப்புங்கள். போனில் ‘ஆள் அனுப்புறேன் சார்’ என்பார்கள். அதை நம்பி ஐந்து வருடத்தைத் தாண்டவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், ஆத்திரமாக வருகிறது.

பையனை இப்போதே வேறு அறையில் படுக்கவையுங்கள். அவனுக்குப் பூஞ்சை ஒவ்வாமையா என்பதை மருத்துவர் ரத்தத்திலோ தோலிலோ சோதித்துச் சொல்வார், அந்தச் சோதனைக்குச் செலவு செய்யுங்கள். சுவரை உலர்ந்த பிரஷால் சுரண்டாதீர்கள், வித்து பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர்த் துணியால் துடையுங்கள். ப்ளீச்சிங்கோடு கழிவறை ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.