NBA கூடைப்பந்து வீரர் பிராட்லி பீலுக்கு அவரது அணியான வாஷிங்டன் விசார்ட்ஸ் 2022-இல் அளவுக்கு மீறிக் கொடுத்ததா?

5 ஆண்டுக்கு 25.1 கோடி டாலர் என்றதும் தலை சுற்றும். ஆனால் தொகையை மட்டும் பார்த்தால் பதில் பாதிதான் கிடைக்கும்.

2022-23 சீசனில் ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தரும் சம்பளத்துக்கான உச்சவரம்பு 12.3655 கோடி. 10 ஆண்டு ஆடியவருக்கு அதில் 35% வரை தரலாம். பீலின் முதல் ஆண்டுச் சம்பளம் 4.33 கோடி. சொந்த அணி 5 ஆண்டும், ஆண்டுக்கு 8% உயர்வும் தரலாம். வெளி அணிக்கு 4 ஆண்டு, 5% மட்டுமே. கூட்டினால் சுமார் 18.6 கோடி. இன்னொன்று, சொந்த வீரரைத் தக்கவைக்க 'பேர்ட் உரிமை' மூலம் வரம்பைத் தாண்டலாம். பீல் போயிருந்தால் அந்த 4.33 கோடியை அப்படியே வேறொருவருக்குக் கொடுத்திருக்க முடியாது. வரம்புக்குள் அவ்வளவு இடம் இருக்காது; அணியின் இன்னொரு வீரர் போர்சிங்கிஸின் சம்பளமே 3 கோடிக்கு மேல்.

ஆனாலும் கொடுத்தது அதிகம்தான். 2020-21-இல் ஆட்டத்துக்கு 31.3 புள்ளி எடுத்தவர், அடுத்த சீசனில் 40 ஆட்டம் ஆடி, மணிக்கட்டு அறுவை சிகிச்சையோடு உட்கார்ந்துவிட்டார். வெளியே இதற்கு நிகராக யாராலும் ஏலம் கேட்க முடியாதபோது உச்சத் தொகையையே ஏன் நீட்ட வேண்டும்?

அதைவிடப் பெரிய தவறு, வீரரின் சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு டிரேட் செய்ய முடியாது என்ற நிபந்தனையை ஏற்றது. 2023-இல் போகுமிடத்தை பீலே தீர்மானித்தார். அவரை வாங்கிய ஃபீனிக்ஸ் அணியிடமிருந்து கிறிஸ் பால், ஷாமெட் என்ற இரு வீரர்களும், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும், சில முதல் சுற்று இடமாற்று உரிமைகளும் வந்தன; முழு முதல் சுற்றுத் தேர்வு ஒன்றுகூட இல்லை. நிபந்தனையும் அவரோடு ஃபீனிக்ஸுக்குப் போனது. 2025-இல் அவரை விடுவித்த அந்த அணி, மீதித் தொகையை 5 ஆண்டுகளுக்குப் பரப்பி ஆண்டுக்கு சுமார் 1.9 கோடி சுமக்கிறது.