காலேஜ் செமினாருக்கான பிபிடியில், பள்ளிக்கரணையில் எடுத்த 6000 பிக்சல் அகலப் பறவைப் படங்களைச் சேர்த்ததும் ஃபைல் 90 எம்பி ஆகிவிட்டது. தெளிவு கெடாமல் குறைக்க முடியுமா?

தாராளமாக முடியும். பள்ளிக்கரணையில் நீங்கள் எடுத்த படம் ஒவ்வொன்றும் 6000 பிக்சல் அகலம் என்கிறீர்கள். உங்கள் காலேஜ் செமினார் ஹால் புரொஜெக்டர் ஃபுல் எச்டி என்றே வைத்துக்கொண்டாலும், அது காட்டப்போவது 1920 பிக்சல்தான். ஸ்லைடில் படத்தை மூலையைப் பிடித்துச் சின்னதாக்குவதால் பயனில்லை. கண்ணுக்குத்தான் சின்னது, ஃபைலுக்குள் முழுப்படமும் அப்படியே இருக்கும்.

முதலில் ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். குறைத்து சேவ் செய்து மூடியபின் பழைய தரம் திரும்பாது. பிறகு ஒரு படத்தைக் கிளிக் செய்து, பிக்சர் ஃபார்மட்டில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போங்கள். 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' டிக்கை எடுத்தால்தான் எல்லாப் படமும் குறையும். ரெசல்யூஷன் 150 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) போதும். 13.33 அங்குல ஸ்லைடில் அது 2000 பிக்சல். 96 வைத்தால் 1280க்கு இறங்கிவிடும். முழு ஸ்லைடுக்கு விரித்த நாரையின் இறகு மசமசவென்று தெரியும். பறவைப் படத்துக்கு அது வேண்டாம்.

அங்கேயே இருக்கும் 'டிலீட் கிராப்ட் ஏரியாஸ்' டிக் போட்டிருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். அளவு குறைவதைவிட எனக்கு இதுதான் முக்கியம். உதாரணமாக, ஒரு அனுமதிக் கடிதத்தை ஸ்கேன் செய்து, முத்திரை மட்டும் தெரியும்படி கிராப் செய்திருப்பீர்கள். இந்த டிக் இல்லாவிட்டால் வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கும், அழியாது. ஃபைலைப் பெறுகிறவர் அந்தப் படத்தில் கிராப்பை அழுத்தினால் முழுக் கடிதமும், அதிலுள்ள போன் நம்பரும் வெளியே வந்துவிடும். ஆதாரை அப்படி வெட்டி ஒட்டியவர்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் கனமாக இருந்தால், ஒரு காப்பியின் .pptx என்ற முடிவை .zip என்று மாற்றித் திறந்து, 'ppt' ஃபோல்டருக்குள் 'media' பாருங்கள். சைஸ் வாரியாக அடுக்கினால் எது அடைக்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பிஎன்ஜி (.png) ஃபைலாக ஒட்டப்பட்ட புகைப்படமாக இருக்கும். அதை ஜேபெக் (.jpg) ஆக மாற்றி, ஸ்லைடில் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் பிக்சர்' கொடுங்கள். இடமும் அளவும் மாறாது. கிராஃப், ஸ்கிரீன்ஷாட் மட்டும் பிஎன்ஜியாகவே இருக்கட்டும், ஜேபெக்கில் எழுத்தோரம் கலங்கும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கும் குறுக்குவழியும் வேண்டாம், அதுவும் படத்தைச் சுருக்கிக் கலங்கவைக்கும்.

ஜிமெயில் 25 எம்பி வரைதான் இணைக்க விடும். 15க்குள் கொண்டுவந்துவிட்டால் கைடுக்கு நிம்மதியாக அனுப்பலாம்.